குடியை விட்ட பிறகும் உடம்பு படுத்துகிறதா? குடியின் மிச்சம் எது, வேறு நோய் எது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிபாளையம் பக்கம் தறிப்பட்டறையில் பாவு பிணைக்கிற வேலை எனக்கு. குடியை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து, இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறுத்தப் பார்க்கிறவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசி வருகிறேன். குமாரபாளையம், திருச்செங்கோடு, அந்தியூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "விட்டு மாசக்கணக்காச்சுங்க, இன்னும் மேலுக்கு முடியலை. இது சரக்கை விட்டதாலயா, வேற ஏதாச்சுமா?" நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பக்கத்தில் இருந்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

நிறுத்தினால் எத்தனை நாளைக்குங்க உடம்பு படுத்தும்?

இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம், கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தொடங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை. வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளோடு பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், உடம்பு கொதிக்கும். இது உயிரை எடுக்கக்கூடியது. இதையெல்லாம் தாண்டினால், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

இரண்டாவது கட்டம் மெதுவானது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். இந்தப் பக்கத்தில் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

ஏன் இவ்வளவு நாள்? ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. தினம் அவ்வளவு உள்ளே போய் மூளையை அமுக்கும்போது, அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்து ஓட்டிய லாரி மாதிரி. பிரேக்கிலிருந்து ஒரு நாள் சட்டென்று காலை எடுத்தால் வண்டி பாயும்தானே? முதல் வாரத்தில் நடப்பது அதுதான். ஆக்சிலேட்டர் முழுவதும் பழைய நிலைக்கு இறங்க மாதங்கள் ஆகும்.

மாலை போட்ட அன்னிக்கே நிறுத்திடறோமே, அது தப்பா?

நம் ஊரில் நிறையப் பேர் நிறுத்துவதே அப்படித்தான். கார்த்திகையில் ஐயப்பனுக்கு, தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு என்று மாலை போட்ட காலையோடு பாட்டிலைத் தொட மாட்டார்கள். அந்த மனவுறுதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பம் அதனால் பிழைத்திருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் ஊற்றினால்தான் கை நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர், முன்பு ஒரு தடவை நிறுத்தும்போது வலிப்பு வந்தவர், இவர்கள் தானாக நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறை விட்டு, மறுபடி தொட்டு, மறுபடி விடும்போதும் வலிப்புக்கான ஆபத்து கூடுகிறது. போன வருஷம் மாலை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கு இந்த வருஷம் ஆகலாம். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, மருந்தின் துணையோடு நிறுத்திவிட்டு, அப்புறம் மாலை போடுங்கள்.

இந்த இரண்டாவது கட்டத்துக்குச் சொந்தமான தொந்தரவுகள் எவை?

தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், உள்ளுக்குள் ஒரு பதற்றம், எதிலும் ருசி இல்லாமை, கவனம் நிற்காமை, சின்ன மறதி, பொழுது சாய்ந்ததும் வருகிற அந்த ஏக்கம். ஏறக்குறைய எல்லாமே மனமும் தூக்கமும் சம்பந்தப்பட்டவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காய்ச்சல், மஞ்சள் கண், கால் வீக்கம், ஒரு பக்கம் மரத்துப்போவது, ரத்தம், எடை சரசரவென்று இறங்குவது, இவை எதுவும் இந்தப் பட்டியலில் கிடையாது.

இன்னொன்று, இது அலையடிக்கிற மாதிரி வரும். நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் எல்லாம் திரும்பி வந்த மாதிரி தோன்றும். ஆனால் ஒரு மாதத்துக்கு முந்தைய அலையோடு ஒப்பிட்டால் இப்போதையது சின்னதாக இருக்கும், சீக்கிரம் கடந்தும் போகும். மொத்தத்தில் இறங்குமுகமாக இருக்க வேண்டும். மாதாமாதம் ஏறுமுகமாக இருந்தால் அதைக் குடியின் தலையில் போடாதீர்கள்.

முக்கியமானது ஒன்று. இந்த நீண்ட கட்டத்தை டாக்டர்கள் பலரும் ஒப்புக்கொண்டாலும், மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி நோய் என்று இடமில்லை. இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அதனால் மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகு, கடைசியில் மிஞ்சுகிற பதில்தான் இது. நம் வீடுகளிலோ இதுதான் முதல் பதிலாக வருகிறது. "குடிச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வாக்கியத்தால் கெட்ட உடம்புகளை நான் பார்த்திருக்கிறேன். என் உடம்பும் அதில் ஒன்று.

கை நடுக்கம் மூணு மாசமாகியும் நிக்கலை. நரம்புத் தளர்ச்சியா?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு நடந்தது இதுதான்.

பாவு பிணைப்பது என்றால் பழைய பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் விரலால் முறுக்கி ஒன்றாக்குவது. ஆயிரக்கணக்கான இழை. விட்ட முதல் வாரம் என்னால் ஒரு இழைகூடப் பிடிக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் கை நின்றது, வேலைக்கும் போய்விட்டேன். நாலாவது மாதம் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை பெரிய ஆட்டம் இல்லை, மெல்லிய அதிர்வு. இழை விரலில் நிற்கும், முறுக்கும்போது நழுவும். நன்றாகச் சாப்பிட்டேன், ஆனாலும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மார்கழியிலும் ஃபேன் வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் நான் குடித்த கதையைக் கேட்டதோடு சரி, நாடியைக்கூடப் பிடிக்காமல் "நரம்புத் தளர்ச்சி" என்று சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் அந்த ஊசியிலேயே போனது. அப்புறம் வேறொரு டாக்டரம்மா கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்தது. உட்கார்ந்த இடத்தில் நாடி 120. தைராய்டு பார்த்தால், அளவுக்கு மேல் சுரந்துகொண்டிருந்தது. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் கை நின்றது.

நடுக்கத்தில் பார்க்க வேண்டியவை இவை. நின்ற நடுக்கம் மறுபடி வந்தால் அது குடியின் மிச்சமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நடுக்கத்தோடு எடை இறங்கினால், வெக்கை தாங்கவில்லை என்றால் தைராய்டு. சாப்பாடு தள்ளிப்போன நேரத்தில் வியர்த்து, நடுங்கி, கண் இருட்டி, ஏதாவது சாப்பிட்டதும் சரியானால் சர்க்கரை இறங்குகிறது. அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் அதன் அளவை டாக்டரிடம் பேச வேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும் கையை நடுங்க வைக்கும். விட்ட பிறகு ஒரு நாளைக்கு பத்து டீ குடிக்கிறவர்களும் உண்டு, அதையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு சோதனை. பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது போல இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கை சட்டென்று தொங்கி, மறுபடி நிமிர்ந்து, மறுபடி தொங்கினால், அது சாதாரண நடுக்கம் இல்லை. கல்லீரல் கழிவை வெளியேற்ற முடியாமல் மூளையைத் தொடுகிறது என்று அர்த்தம். அன்றே போக வேண்டும்.

காட்டில் மருந்து அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடித்த அன்றோ மறுநாளோ வியர்வை, நடுக்கம், வாயில் எச்சில் ஊறுவது, கண்மணி கடுகளவு சுருங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால், அது பூச்சிமருந்து உடம்பில் ஏறியது. மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு கட்டிங் போட்டா நடுக்கம் நின்னுடுதே. அப்ப அது குடியாலதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பரம்பரையாக வருகிற ஒருவகை நடுக்கம் இருக்கிறது. டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது ஆடும். கையை மடியில் வைத்தால் ஆடாது. அதற்கும் கொஞ்சம் மது போனால் அடங்கும் குணம் உண்டு. பலர் குடிக்க ஆரம்பித்ததே அதை மறைக்கத்தான். அப்பாவுக்கோ அப்பாருக்கோ அப்படிக் கை ஆடியதா என்று வீட்டில் கேளுங்கள். அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது. சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு கட்டிங் போடுவது மட்டும் வேண்டாம்.

தூக்கமே வல்லீங்க. மருந்துக்கடையில கேட்டு ஒரு மாத்திரை போட்டுக்கலாமா?

வேண்டாம். அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகள் மூளையில் மது வேலை செய்த அதே இடத்தில் வேலை செய்கின்றன. முதல் வாரத்தில் டாக்டர் இந்த வகை மாத்திரையை எண்ணிக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அது வைத்தியம். கடையில் வாங்கி மூன்று மாதம் போட்டால் அது அடுத்த பழக்கம். அதை நிறுத்தும்போது வருகிற பதற்றமும் நடுக்கமும் குடியை விட்டது போலவே இருக்கும். பலரை இது குழப்பியிருக்கிறது. எந்த மாத்திரை எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஏற்கெனவே போட்டு வந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள்.

தூக்கம் ஒழுங்காக வர நிஜமாகவே மாதங்கள் ஆகும். ஆனால் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிந்தால் அது மூச்சுத் தடை. பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு, கூடவே பேச்சில் குழறல் என்றால் மறுபடியும் கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

மறதி, தலைவலி, நடை தள்ளாடுது. குடிக்காமலேயே குடிச்ச மாதிரி இருக்காரு.

இதில் காத்திருக்கவே கூடாது. இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, தலைக்குள் ரத்தக்கசிவு. எங்களோடு உட்காரும் ஒரு அண்ணன், கோழிப்பண்ணையில் வேலை. குடித்த காலத்தின் கடைசி நாட்களில் மொபெட்டிலிருந்து விழுந்தார். தலையில் ஒரு வீக்கம், இரண்டு நாளில் வற்றிவிட்டது. அதற்கப்புறம் குடியை விட்டார். ஐந்து வாரம் கழித்துத் தலைவலி, பிறகு மந்தம், பிறகு சாப்பிடும்போது சோற்றுக் கையிலேயே தூங்கிவிடுவது. "விட்டதால வர்ற சோர்வு" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒரு நாள் செருப்பு வலது காலிலிருந்து கழன்றுபோனதே தெரியாமல் வாசலைத் தாண்டி நடந்தார். அவர் மனைவிதான் அதைக் கவனித்துக் கூட்டிப்போனது. சி.டி. ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. துளையிட்டு எடுத்தார்கள், பிழைத்தார். நிறையக் குடித்தவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கி, ரத்தம் உறையும் திறனும் குறைந்திருப்பதால் இப்படி வாரக்கணக்கில் மெல்லக் கசியும். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் விழுந்தாரா என்ற கேள்வியை வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். அவருக்கே ஞாபகம் இருக்காது.

இரண்டாவது, பி1 சத்துக் குறைவு, அதாவது தயமின். சாப்பிடாமல் குடித்தவர்களுக்கு வரும். குழப்பம், கால் அகட்டித் தள்ளாடும் நடை, கண் ஆடுவது அல்லது இரண்டிரண்டாகத் தெரிவது. மூன்றும் சேர்ந்துதான் வரவேண்டும் என்றில்லை, ஒன்று இருந்தாலே சந்தேகப்படலாம். ஊசி மூலம் உடனே தயமின் கொடுத்தால் மீளலாம். விட்டுவிட்டால் புது விஷயம் எதுவும் மனதில் தங்காத நிலை நிரந்தரமாகிவிடும். நம் பக்கத்தில் தெம்பு இல்லை என்றால் உடனே "ஒரு குளுக்கோஸ் போட்டுடுங்க" என்று கேட்கிற வழக்கம் இருக்கிறது. தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகி நிலை மோசமாகலாம். "இவர் குடிச்சுட்டு இருந்தவருங்க, தயமின் போட்டுட்டு குளுக்கோஸ் போடுங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய இடம் அது இல்லை.

பாதம் எரியுது, ராத்திரியில கொரக்களி புடிக்குது.

பாத எரிச்சலும் கொரக்களி என்கிற தசைப்பிடிப்பும் மது நரம்பைத் தின்றதாலும் வரும், சர்க்கரையாலும் வரும், பி12 குறைந்தாலும் வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. மூன்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். இது அலை மாதிரி வந்து போகிற தொந்தரவு இல்லை. தானாகப் போகும் என்று உட்காராமல் சர்க்கரையும் பி12-ம் பாருங்கள். காலில் செருப்பில்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம், முள் குத்தினாலும் தெரியாது.

எழுந்திருச்சா தலை சுத்துது. நெஞ்சு படபடங்குது.

தலைசுற்றலுக்கு எளிய காரணம் ஒன்று உண்டு. குடியை விட்டால் பல பேருக்கு ரத்த அழுத்தம் தானாகவே இறங்கும். குடித்த காலத்தில் எழுதிய பிரஷர் மாத்திரை இப்போது அதிகமாகிவிடும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம், குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

படபடப்பு பதற்றத்தால் வந்தால் நாடி வேகமாக இருந்தாலும் சீராக அடிக்கும். தாளம் தப்பித் தப்பி அடித்தால், படுத்தால் மூச்சுத் திணறினால், கால் வீங்கினால் ஈ.சி.ஜி. எடுத்தே ஆகவேண்டும். மது இதயத் தசையையும் கெடுக்கும்.

பொழுதோட காய்ச்சல், இருமல், இளைச்சுட்டே போறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. குடித்த உடம்பில் காசநோய் எளிதில் பிடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

எப்பவும் வெசனமாவே இருக்கு. இது எப்பத்தான் தீரும்?

விட்ட முதல் சில வாரங்கள் வெசனம் இருப்பது இயல்பு. இத்தனை வருஷம் மூளைக்குச் சந்தோஷம் வெளியிலிருந்து ஊற்றப்பட்டது, அது இனித் தானே சுரக்கப் பழக வேண்டும். ஆனால் சொட்டுக்கூடத் தொடாமல் நாலு வாரம் ஆன பிறகும் அதே கனத்தோடு இருந்தால், அதைத் தனி நோயாக, மனச்சோர்வாக எண்ணி வைத்தியம் பார்க்க வேண்டும். குடிக்கு முன்னாலேயே அந்த வெசனம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அதை டாக்டர் கட்டாயம் கேட்பார். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே சோர்வு வரும், அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சாகலாம் என்ற எண்ணம் வந்தால் நாலு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அந்த நிமிஷமே 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். இதை ஒவ்வொரு வீட்டிலும் நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற மருந்து வாங்கியிருக்கேன். அதனால ஏதாச்சும் வருமாங்க?

அம்மணி, முதலில் அதை நிறுத்துங்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது, என் வீட்டிலும் ஒருவர் அப்படித் தவித்திருக்கிறார். இப்படி விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. டாக்டர்கள் எழுதும் டைசல்ஃபிரம் மாத்திரையும் ஆளுக்குத் தெரிந்து, கல்லீரல் பரிசோதித்து, சம்மதத்தோடு கொடுக்க வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது மது போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடித்து, அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்தும் அப்படி வரலாம். குடிக்காமல் இருந்தாலும் சோர்வு, கால் மரத்துப்போவது, கல்லீரல் அழற்சி வரலாம். தெரியாமல் கொடுத்தால், அந்தச் சோர்வைப் பார்த்து இதுவும் குடியின் மிச்சம் என்று டாக்டரும் சேர்ந்து ஏமாறுவார். இதுவரை கொடுத்திருந்தால் டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

அரிஷ்டம், ஆசவம் வகை மருந்துகளிலும் புளிக்கும்போது உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. தெம்புக்கு என்று அவற்றை வாங்கித் தர வேண்டாம்.

டாக்டர்கிட்ட என்ன சொல்லணும், என்ன டெஸ்ட் பார்க்கணும்?

ஒரு நோட்டு போடுங்கள். கடைசியாகக் குடித்த தேதி, தினம் எவ்வளவு, எத்தனை வருஷம், இதற்கு முன் வலிப்பு உண்டா, விழுந்தது உண்டா, இப்போது போடும் எல்லா மாத்திரையும், பீடி, புகையிலை உட்பட. கூடவே ராத்திரி படுக்கும் முன் ஒரு வரி: இன்றைக்கு எந்தத் தொந்தரவு, பத்துக்கு எவ்வளவு, எந்த நேரம், சாப்பிட்டதற்கு முன்னா பின்னா. மூன்று வாரம் எழுதினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். என் தைராய்டைப் பிடித்த டாக்டரம்மா முதலில் படித்தது என் நோட்டில் இருந்த எடைக் கணக்கைத்தான்.

டாக்டர் பொதுவாகப் பார்ப்பது ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், சோடியம் மாதிரி உப்புகள், தைராய்டு, பி12, ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். கல்லீரல் ரத்த அளவு சரியாக இருந்தால் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இறுகிப்போன கல்லீரலிலும் அந்த அளவுகள் ஏறக்குறைய சரியாகக் காட்டலாம். அதனால்தான் ஸ்கேன். எல்லாம் சரியாக வந்து, நோட்டில் அலை இறங்குமுகமாகவும் இருந்தால், அப்போது இது குடியின் மிச்சம் என்று நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

எதுக்கெல்லாம் யோசிக்காம 108 கூப்பிடணும்?

வலிப்பு, புத்தி தடுமாற்றம், எழுப்பினால் எழாத தூக்கம், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், மஞ்சள் கண்ணோடு வயிறு உப்புவது, முதுகு வரை குத்திப் பாயும் மேல்வயிற்று வலி, நெஞ்சுவலி, முகமோ கையோ ஒரு பக்கம் தொங்குவது. வண்டி வந்ததும் கடைசியாகக் குடித்த தேதியைச் சொல்லுங்கள். அவசரம் இல்லாத சந்தேகம் என்றால் 104, போதை மீட்புக்கு வழி கேட்க 14446.

மறுபடி தொட்டுட்டேன். இனி டாக்டர்கிட்ட எந்த மூஞ்சியோட போறது?

போன தடவை போன அதே முகத்தோடு போங்கள். நோட்டில் தேதியை மட்டும் மாற்றி எழுதுங்கள். நிறுத்துகிற முதல் நாட்களில் இந்த முறை மருந்து கட்டாயம் வேண்டும், ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், இப்படி விட்டு வந்த ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். நம்மூரில் தேடினால் ஒருவராவது கிடைப்பார், அவர் வருவார்.